பாட்டுக்கு ஏழு ஆட்டுக்குடல்

ஆட்டுக்குடலைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறாமல் காதில் பாட்டு கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆவடியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்.

தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலை. ஸ்க்ரூ கேட்டாலும் சோப்பு கேட்டாலும் தலை நிமிராமல் "ஸ்டாக் இல்ல" என்பார். முதுகுக்குப் பின்னால் அலமாரி பிதுங்கிக்கொண்டிருக்கும். 1984-இல் நான் குடிவந்தபோதே 'ஸ்டாக் இல்ல அண்ணாத்தே' என்ற பெயர் பழசாகியிருந்தது. யாழ் பைத்தியம் பிடித்தது 1987 மழைக்குப் பிறகு. ஆண்டில் சந்தேகமில்லை, எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்த வருஷம் அது.

கோயில் தூண் ஒன்றில் யாழைப் பார்த்தவர், பலா மரத்தில் ஏழு நரம்புக்கான சட்டத்தைச் செய்தே விட்டார். நரம்புதான் கிடைக்கவில்லை. வீணைக் கம்பியைப் போடலாமே என்றேன்.

"கம்பி மாட்ட இது இன்னா எலிப்பொறியா சார்? அந்தக் காலத்துல குடல முறுக்கித்தான் நரம்பு."

இசைக்கருவிக் கடைகள் ஏறி இறங்கினார். ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டும் கடையில் நைலானை நீட்டினார்கள். "இத்த வச்சி மீனுதான் புடிக்கலாம்" என்று திரும்பினார். இத்தனை வருஷம் ஊருக்கு அவர் சொன்னதை, ஊர் மொத்தமாக அவருக்கே திருப்பிச் சொன்னது.

இதற்குள் காணும் பொங்கல் விழாவில் யாழ் வாசிப்பதாகப் பெயர் கொடுத்தாயிற்று. ஹாலை அடைத்து நின்ற அந்த மரத்தின்மேல் அவர் மனைவிக்கு வேறு கண்.

"மேடையில சத்தம் வர்லன்னா, மறுநாளு வெந்நி அடுப்புக்கு அதான்" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

அண்ணாத்தே நேராகக் கறிக்கடைக்குப் போனார். "பாய், குடல நறுக்காத. முழுசா வேணும்."

"முழுசா வச்சிகினு இன்னா பண்ணுவே?"

"பாட்டு வாசிப்பேன்."

"உசுரோட இருக்கசொல்லோ நல்லா பாடாத ஆடு, இப்பவா பாடப்போது?"

அலசி, சுரண்டி, ஈரத்தோடு முறுக்கி, துணிக்கொடியில் இழுத்துக் கட்டினார். காக்காய்க்குப் பயந்து குடை பிடித்துக் கீழேயே உட்கார்ந்தார். இரண்டு ஞாயிறு காக்காய் ஜெயித்தது. மூன்றாவது ஞாயிறு ஒரே ஒரு நரம்பு தேறியது. மீதி ஆறுக்கான குடலைப் பளபளவென்று கழுவி, பேசினில் ஊறப்போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

அன்றைக்கென்று பார்த்து சென்னீர்குப்பத்திலிருந்து அவர் மச்சான், மனைவியின் தம்பி, பொங்கல் சீர் கொண்டுவந்தார். அக்கா கடைவீதிக்குப் போயிருந்தார். சாவி எங்கள் வீட்டில். கரும்பைச் சாத்தியவர் கண்ணில் பேசின் பட்டது. சீரோடு சமையலும் செய்து அசத்திவிடுவோம் என்று அடுப்பைப் பற்றவைத்தார். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கொஞ்சம் ரப்பர், ஆனால் மிளகு பிரமாதம்.

சாயங்காலம் அண்ணாத்தே வந்து வெறும் பேசினைப் பார்த்தார்.

"மாமா, இம்மாம் சுத்தமா குடல் கழுவி நான் பாத்ததே இல்ல!" என்று பாராட்டினார் மச்சான்.

அண்ணாத்தே போய் யாழுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

காணும் பொங்கலன்று ஒற்றை நரம்போடு மேடை ஏறினார். முன்வரிசையில் அவர் மனைவி கை கட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணாத்தே சுண்டினார். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பிரியமாகக் கூப்பிடுவதுபோல் ஒரு சத்தம் எழுந்து, மைக்கில் ஏறி, மெல்ல அடங்கியது. விசிலடிக்க வாயில் விரல் வைத்தவர்கள்கூட அப்படியே நின்றார்கள்.

"மாமா, மத்த ஆறும் எங்க?" என்று கூட்டத்திலிருந்து கத்தியது வேறு யாருமல்ல, மச்சான்தான்.

"உன் வயித்துல கீது மச்சான். இங்க ஸ்டாக் இல்ல!"

முதலில் சிரித்தது அவர் மனைவி. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர், "இன்னொரு வாட்டி தட்டு" என்றார்.

அடுத்த ஞாயிறு கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அண்ணாத்தேயின் மனைவிதான் நின்றிருந்தார்.

"நறுக்கிடாத பாய். எங்க ஊட்ல பாட்டுக்கு."

எனக்கென்று எடுத்து வைத்திருந்த குடலையும், முழுசாக, அவர் பையிலேயே போடச் சொன்னேன்.