கலியமூர்த்தி சாரின் கிணற்றுக் கப்பியைத் திருடியது குறித்து

மதிப்புக்குரிய அறிவழகன் மாமாவுக்கு, நெய்வேலி பதினேழாம் பிளாக்கிலிருந்து சண்முகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நாளை மாலை ஆறு மணி வரை நலமாகத்தான் இருப்போம். அதற்குப் பிறகு உங்கள் கையில்.

கட்டிலுக்கு அடியில் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்தை மன்னிக்கவும். என் போன் பரீட்சை முடியும்வரை பீரோவில். அம்மாவின் போன் அம்மாவின் தலையணைக்கு அடியில். அதனால்தான் கடிதம். பால் ஊற்ற வரும் கருப்பசாமி அண்ணன் காலி கேனோடு பண்ருட்டி திரும்பும்போது உங்கள் மாமியார் வீட்டில் கொடுப்பார். படித்ததும் லேப்டாப்பைத் திறங்கள். காபி அப்புறம் குடிக்கலாம்.

போன மாதம் நீங்கள் செய்த விளையாட்டை என்னிடம் கொடுத்து, "நீதான் மொதல்ல ஆடிப் பாக்கணும், ஆளுகளுக்குப் பேரும் நீயே வை" என்றீர்கள். சுரங்கம் விரிவதற்கு முன் இங்கே இருந்த ஒரு ஊர். சைக்கிளில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் காலி செய்ய வைத்து வண்டியில் ஏற்ற வேண்டும். சைக்கிள்காரிக்கு என் பெயரையே வைத்தேன். எல்லாரும் போனார்கள், கடைசியில் ஒரு கிழவர் மட்டும் அசையவில்லை. அவரிடம் மூன்று நாள் பொறுமையாகப் பேசலாம், இல்லையென்றால் குறுக்கு வழியில் போகலாம் என்றது விளையாட்டு. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை, மூன்று நாளுக்கு எங்கே போவேன்? ஆட்டை அவிழ்த்துவிட்டேன், கூரையில் நாலு ஓட்டைப் பிரித்தேன், அதற்கும் மசியாததால் தண்ணீர் இறைக்கக் கயிறு ஓடும் கிணற்றுக் கப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். கிழவர் வாளியோடு கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வண்டியில் ஏறினார். தொள்ளாயிரம் புள்ளி. நான் கட்டில்மேல் குதித்தேன்.

அந்தக் கிழவருக்கு நான் வைத்த பெயர் கலியமூர்த்தி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலியமூர்த்தி சார்தான், அப்பாவுக்கு ஷிப்ட் போடுகிறவர். அவர் தோட்டத்தில் விழுந்த என் இறகுப்பந்துகள் ஏழு இன்றுவரை திரும்பவில்லை. கப்பியைத் திருடும் யோசனையும், நீங்கள் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, அவரைப் பார்த்து நான் உங்களுக்குச் சொன்னதுதான். குழாயில் தண்ணீர் வரும் வீட்டில், வாசல் கம்பியில் ஒரு பழைய இரும்புக் கப்பியை மாட்டி, சனிக்கிழமைதோறும் அதற்கு எண்ணெய் போடுகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இன்று மாலை அப்பா அவரிடம் உங்கள் விளையாட்டின் வெளியீட்டு விழா அழைப்பிதழைக் கொடுத்தார். அதிலிருந்த படத்தைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது எங்க ஊருப்பா. கடைசியா காலி பண்ணது எங்க வூடுதான். எங்கப்பா கெணத்த வுட்டு வர மாட்டேன்னு கெடந்தாரு. அழுதுகினேதான் வண்டில ஏறினாரு. அந்தக் கெணத்துக் கப்பியத்தான் நான் மாட்டிவெச்சிருக்கேன்."

"டீ சாப்பிடுங்க சார்" என்றார் அப்பா.

"நாளைக்கு மொத வரிசைல எனக்கு ஒரு சேர் போட்டு வைப்பா."

"போட்டுட்டாப் போச்சு சார்" என்றார் அப்பா. நான் அப்போதே பேப்பரும் பேனாவும் தேடப் போய்விட்டேன்.

மாமா, நாம் விருதுநகர்க்காரர்கள், எதிர்வீடு நாமக்கல், மேல்வீடு தென்காசி. லீவு விட்டால் எல்லாரும் ஊருக்குப் பெட்டி கட்டுவோம், அவர் மட்டும் எங்கேயும் போகமாட்டார். "சாருக்கு ஊரே கெடையாது போல" என்று நானே சிரித்திருக்கிறேன். நமக்கு முன்னால் இந்த இடத்தில் யாராவது இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்கு ஊர் இருந்தது. சுரங்கத்துக்குள் இருந்தது. தினமும் ஷிப்டுக்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்.

நான் ஆடியதைப் பதிவு செய்துதானே நாளைக்குத் திரையில் போடப்போகிறீர்கள்? தயவுசெய்து கிழவரின் பெயரை மாற்றிவிடுங்கள். கப்பித் திருட்டை மொத்தமாக எடுத்துவிடுங்கள். நேரம் இல்லாவிட்டால் புரொஜெக்டரைக் கீழே போட்டுவிடுங்கள். கரண்ட் போனால்கூடத் தப்பித்துவிடலாம், ஆனால் நெய்வேலியில் அதை நம்பி உட்கார முடியாது. அப்பாவுக்கு ரிட்டயர் ஆகும்வரை நைட் ஷிப்ட் விழுமே என்ற பயமும் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, அந்தக் கிழவர் வாளியோடு நிற்பதை முதல் வரிசையில் உட்கார்ந்து அவர் பார்க்கக்கூடாது. நான் மூன்று நாள் பேசியிருக்கலாம்.

அத்தைக்கு என் அன்பு, குட்டி விஷ்ணுவுக்கு முத்தம். நீங்கள் நூறு வயது வாழ வேண்டும். எனக்கு நாளை மறுநாள்வரை போதும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
சண்முகப்பிரியா

பி.கு.: விடிகாலை மணி நாலரை. கருப்பசாமி அண்ணனுக்காக வாசலில் நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பால் பாத்திரத்தோடு கலியமூர்த்தி சார். "இன்னா பாப்பா, இந்நேரத்துக்கு இங்க நின்னுகினு கீற?" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் வாசல் கம்பியில் தொங்கிய கப்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார், சத்தமே வரவில்லை. "இத கழட்டிகினு ஓடுனது நான்தான் பாப்பா. பதினாலு வயசு. எனக்குக் கொழா தண்ணி வர்ற வூடு வேணும், லைட்டு வேணும்னு ஆச. எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லல" என்றார். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கப்பித் திருட்டு அப்படியே இருக்கட்டும். கிழவருக்கு அய்யாசாமி என்று அவர் அப்பா பெயரை வைக்கச் சொன்னார். கலியமூர்த்தி என்ற பெயரை, கப்பியோடு ஓடும் ஆளுக்குப் போட வேண்டுமாம். இறகுப்பந்துகளைப் பற்றி நான் கேட்கவில்லை.