லஸ்மினியின் சுவரும் ஒரு வருட நன்னடத்தையும்

உலகக் கலை வரலாற்றை இனி இரண்டு காலங்களாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தின் ஆற்றங்கரைத் தெருவில் இபு லஸ்மினி சுவரில் படம் போடுவதற்கு முன், போட்டதற்குப் பின். இது நாமாகச் சொல்வதல்ல. தலைநகரிலிருந்து வந்த டாக்டர் பாஸ்கோரோ திருவாய் மலர்ந்தருளியது. அவர் 'கல்லாக் கலை மன்ற'த்தின் தலைவர். யாரிடமும் எதையும் கற்காமல் தானாகவே கலைஞரானவர்களைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவிப்பது அந்த மன்றத்தின் பணி. கல்லாமையைக் கண்டறிவதற்காக அவர் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் கற்றவர்.

அந்தச் சுவர் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுவது முறை.

தெரு முனையில் மினிபஸ் நிறுத்தம். அதை ஒட்டி லஸ்மினியின் சாப்பாட்டுக் கடை. காலையில் பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கூடெக்கும் சோறும். தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கடைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் நீளமாக ஒரு சுவர். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆண்குலம் முழுவதும் அந்தச் சுவரைத்தான் நாடிப் போகும். காற்று கடைப்பக்கம் திரும்பினால், சாப்பிட வந்தவர்கள் கையிலெடுத்த கவளத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

தெருத் தலைவர் பாக் ஹர்ஜோனோ (அங்கே ஆண்களுக்கு 'பாக்', பெண்களுக்கு 'இபு' என்பது மரியாதை அடைமொழி) இந்தப் பிரச்சினையை நிர்வாக ரீதியாக அணுகினார். கூட்டம் போட்டார். துணைக் குழு அமைத்தார். இறுதியில் ஒரு பலகை மாட்டினார்: 'இங்கே சிறுநீர் கழிக்கத் தடை. நாய்களுக்கு மட்டும் அனுமதி.' இந்தச் சலுகையை நாய்கள் பயன்படுத்திக்கொண்டதாகத் தகவல் இல்லை.

லஸ்மினி பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் பொறுமை போயிற்று. கரண்டியால் சட்டி மூடியை ஓங்கி அடித்தாள். சுவரோரம் நின்றிருந்த முட்டை வியாபாரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டை எடுத்தாள்; அடுப்புக்கரி, மஞ்சள்தூள், துணிக்குப் போடும் நீலம் எல்லாம் சேர்ந்துகொண்டன. பொழுது சாய்வதற்குள் முட்டை வியாபாரியின் முகம் சுவரில் ஏறிவிட்டது. தோளுக்கு மேல் திரும்பிய தலை, பாதி சொருகிய கண், பரவசத்தின் நடுவே உறைந்துபோன வாய். பெற்ற தாய் இருட்டில் பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவாள்.

அதற்குப் பிறகு மூடி அடிக்கடி ஒலித்தது, முகங்களும் பெருகின. பஸ் ஓட்டுநர், கடிகாரம் பழுது பார்ப்பவர், கல்யாண வீட்டுப் பாடகர். சந்தில் கூட்டம் குறைந்தது, கடையில் கூட்டம் கூடியது. லஸ்மினி அநியாயக்காரி அல்ல. தண்டனைக்கு ஒரு காலவரம்பும் வைத்தாள். ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால், சுதந்திர தினத்துக்குத் தெருவே வெள்ளையடித்துக்கொள்ளும்போது அந்த முகத்துக்கும் வெள்ளையடித்துவிடுவாள்.

சுவரின் நட்டநடுவில் இருப்பது பாக் ஹர்ஜோனோவின் முகம்.

போன ஆகஸ்டில், 'தூய்மையே நம் தெருவின் பெருமை' என்ற தலைப்பில் நீண்ட உரையாற்றிவிட்டு வந்த அவர், தாம் மாட்டிய பலகைக்கு நேர் கீழேயே பிடிபட்டார். மறுநாள் மீசையை எடுத்துவிட்டார். அதற்கு மறுநாள் சுவரில் இருந்த மீசையும் போய்விட்டது.

"பொய்யா ஒண்ணும் போட மாட்டேன், பாக் தலைவரே. இப்ப இல்லாத மீசை அங்க எதுக்கு?" என்றாள் லஸ்மினி.

அன்றிலிருந்து ஹர்ஜோனோவின் மனைவி அந்த வழியாகச் சந்தைக்குப் போவதில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு போய் வந்தாள். "வீட்ல ஒரு மூஞ்சியைப் பாக்குறது பத்தாதா? தெருவுலயும் பாக்கணுமா? பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா. அது வெள்ளையாகுற வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க," என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே இருந்தாள்.

ஹர்ஜோனோ தவம் கிடந்தார். வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிப்பதில்லை. இளநீரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரசாங்கக் கூட்டம் எத்தனை நேரம் நீண்டாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மேலதிகாரிகள் அதைக் கடமை உணர்ச்சி என்று எண்ணிப் பாராட்டினார்கள். சுதந்திர தினத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. மனைவியின் குரலை மறுபடியும் கேட்கப்போகிறோம் என்று அந்த மனிதர் உண்மையிலேயே ஏங்கிப்போயிருந்தார்.

அப்போதுதான் டாக்டர் பாஸ்கோரோ கூடெக் சாப்பிட வந்தார். கை கழுவச் சந்துக்குப் போனவர் கை கழுவாமலே ஓடி வந்தார்.

அன்று மாலையே லஸ்மினிக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. தெருத் தலைவர் என்ற முறையில் ஹர்ஜோனோவும் உடனிருந்தார்.

"ஓவியப் பள்ளிக்கூடம் எதுக்காவது போயிருக்கீங்களா, இபு?"

"இல்ல, பாக் டாக்டர்."

"அருமை! பெரிய ஓவியர்களோட படம் ஏதாவது பாத்ததுண்டா?"

"வீட்ல காலண்டர் இருக்கு."

டாக்டரின் முகம் வெளிறியது. "காலண்டர்ல என்ன படம்?"

"படம் இல்ல. தேதிதான் இருக்கு."

"தப்பிச்சோம்!" என்று அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப முக்கியமான கேள்வி. உங்களை வரையச் சொல்லி உந்துறது எது? சின்ன வயசுல பட்ட காயமா? கனவா? முன்னோர்களோட குரலா?"

"இங்க வந்து ஒண்ணுக்குப் போறானுங்க, பாக் டாக்டர். அதான்."

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். "கேட்டீங்களா, பாக் ஹர்ஜோனோ? தன் கலையோட ஊற்று எதுன்னு கலைஞருக்கே தெரியல. இதுதான் கல்லாக் கலையோட இலக்கணம்," என்றார்.

ஹர்ஜோனோ மெல்ல நெருங்கினார். "எல்லாம் சரிங்க. சுதந்திர தினத்துக்கு வெள்ளையடிக்கிறது எங்க தெரு வழக்கம். முழுச் சுவரும் வேணாம். நடுவுல இருக்கிற அந்த ஒரே ஒரு முகத்தை மட்டும்..."

"அதையா?" டாக்டர் அலறினார். "இந்தச் சுவருக்கே அதுதானே உயிர்! அந்தக் கண்ணைப் பாருங்க. உலகப் பற்றையெல்லாம் இறக்கி வெச்சுட்ட ஒரு ஞானியோட கண்ணு. யார் இந்த மகான்? உங்களுக்குத் தெரியுமா?"

ஹர்ஜோனோ தம் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "தூரத்துச் சொந்தம்," என்றார்.

மறுநாள் மன்றத்தின் ஆணை வந்தது. சுவர் தேசத்தின் சொத்து. அதில் எவரும் ஒரு கோட்டையும் அழிக்கக் கூடாது, ஒரு கோட்டையும் சேர்க்கக் கூடாது, வரைந்தவர் உட்பட. ஹர்ஜோனோவின் பலகையைப் பிடுங்கிவிட்டு, பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்தார்கள்: 'இக்கலைஞருக்கு எவரும் எதையும் கற்பிக்கவில்லை.'

ஆணையின் பலன் உடனே தெரிந்தது. இனிமேல் புது முகம் போட முடியாது என்ற செய்தி பஸ் நிறுத்தம் முழுக்கப் பரவியது. முட்டை வியாபாரி சாவகாசமாக வந்து நின்றான். லஸ்மினி மூடியை அடித்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிச்சுக்கோ அக்கா. தாளம் நல்லாத்தான் இருக்கு," என்றான்.

லஸ்மினி கரண்டியும் கையுமாகத் தெருத் தலைவர் வீட்டுக்கு வந்தாள். அவள் கண் கலங்கி அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். "காலையில பாதிச் சோறு மிஞ்சிப்போச்சு, பாக் தலைவரே. புதுசா ஒருத்தன் மூஞ்சியைப் போட வழியில்லன்னா அது என்ன சுவரு? வெறும் செங்கல்லு. இப்படியே போனா அடுத்த மாசம் நான் கடையை மூடிட்டுப் பாத்திரம் கழுவத்தான் போகணும். நீங்க ஏதாவது செய்யக் கூடாதா?"

"ஆணையை மாத்த டாக்டர் ஒருத்தராலதான் முடியும், இபு. அவருக்கா மாத்தணும்னு தோணணும்," என்றார் ஹர்ஜோனோ. சொல்லி முடித்ததுமே, டாக்டருக்கு அப்படித் தோன்ற வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும் என்பது ஹர்ஜோனோவுக்கு விளங்கிவிட்டது. ஒரு வருடமாக அவர் ஆராய்ச்சி செய்துவந்த துறையல்லவா அது!

அந்த வாரமே சுவரின் திறப்பு விழா. நிறுத்தத்தில் பந்தல், முன்வரிசையில் அதிகாரிகள். உரைகள் முடிந்ததும் எல்லாரும் சந்துக்குப் போய் ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. தெருவின் பொதுக் கழிப்பறைக்கு, விருந்தினர் வருகையை முன்னிட்டு, உள்ளும் புறமும் புதுப் பெயின்ட் அடித்துப் பூட்டு போட்டிருந்தார் ஹர்ஜோனோ.

டாக்டருக்கும் தமக்கும் நடுவில் பெரிய கூஜா நிறையச் சூடான மல்லிகைத் தேநீர் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கிளாஸைத் தூக்கி 'மொங்கோ' என்று உபசரித்துவிட்டால் விருந்தாளி குடிக்காமல் இருப்பது அந்த ஊரில் பெரிய அவமரியாதை. உபசரிக்கிறவரும் கூடவே குடித்தாக வேண்டும். அதைப் பற்றி ஹர்ஜோனோ கவலைப்படவில்லை. தம் பயிற்சியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"மொங்கோ, பாக் டாக்டர்."

"போதும், பாக் ஹர்ஜோனோ."

"நாங்க ஏதாவது குறை வெச்சுட்டோமா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல." டாக்டர் குடித்தார். ஹர்ஜோனோவும் குடித்தார். கலாசார அதிகாரி ஒருவர் எழுந்து கலையின் வற்றாத ஊற்றுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"மொங்கோ, பாக் டாக்டர்."

டாக்டர் கால் மேல் கால் போட்டார். பிறகு காலை மாற்றிப் போட்டார். தம் முறை வந்ததும் எழுந்து, உள்ளுந்துதல் என்பது கலைஞனுக்குள் நிறைந்து ததும்பி வெளியே வரத் துடிக்கும் ஒரு சக்தி என்று ஆரம்பித்தார். அவ்வளவு உணர்ச்சியோடு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கலைஞரின் கையை இனி எவரும் தடுக்க முடியாது என்று முழங்கிப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று காதோடு கேட்டார்.

"பெயின்ட் காயலையே, பாக் டாக்டர். இன்னொரு கிளாஸ்?"

டாக்டர் துள்ளி எழுந்தார். "நான் அந்தப் படைப்போட கொஞ்சம் தனியா இருக்கணும்," என்று அறிவித்துவிட்டுச் சந்துக்குள் விரைந்தார்.

வெற்றி! சாட்சி வேண்டுமே என்று ஹர்ஜோனோ பூனைபோல் பின்னால் போனார். டாக்டர் இடது கோடியில், கடிகாரம் பழுது பார்ப்பவரின் படத்துக்குக் கீழே நின்றிருந்தார். தகட்டைப் பார்த்தபடி நிதானமாக, நெடுநேரம்.

ஹர்ஜோனோ எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார், அந்தச் சத்தம் ஒன்றைத் தவிர. நீர் விழும் சத்தம். கூஜாவில் அவரும் சரிபாதி குடித்திருந்தார். அவர் பாலைவனத்தை நினைத்தார். ரொட்டித்தூளை நினைத்தார். மனைவியை நினைத்தார். எதுவும் உதவவில்லை. ஒரு வருடத் தவம், சுதந்திர தினத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், டாக்டருக்குப் பக்கத்திலேயே கலைந்தது.

டணார் என்று மூடி ஒலித்தது.

இருவரும் ஒரே நேரத்தில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார்கள். பின்வாசலில் லஸ்மினி நின்றாள்.

"இபு, இது வந்து... ஒரு ஆய்வு," என்றார் டாக்டர்.

"நல்லா ஆராயுங்க, பாக் டாக்டர். அப்படியே கொஞ்சம் அசையாம நில்லுங்க," என்றாள் லஸ்மினி. பெயின்ட் டப்பா தயாராக இருந்தது.

அதிகாரிகள் ரிப்பன் வெட்ட வந்தபோது சுவரில் புதிய முகம் ஒன்று ஈரமாக மின்னியது. கண்ணாடி, குறுந்தாடி, சொருகிய கண். ஹர்ஜோனோவுக்குப் புதிதாக வரைய வேண்டியிருக்கவில்லை. பழைய கண்ணை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தாள். தெருக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆணையை மீறி வரைந்தது யார் என்று ஓர் அதிகாரி அதட்டினார். டாக்டர் அவசரமாகக் குறுக்கிட்டு, "உள்ளுந்துதல். தடுக்க முடியாது," என்றார்.

மறுநாளே மன்றம் ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஆணையைத் திருத்தியது. நிலையாமையே இந்தப் படைப்பின் ஆன்மா. ஆகவே சுதந்திர தினத்தன்று சுவர் முழுவதும் வெள்ளையடிக்கப்பட வேண்டும்.

"மத்தவங்களுக்கு அடிச்சிடறேன். ஆணை தடுத்த அந்தச் சில நாளை நான் கணக்குல எடுத்துக்கல, அப்ப கேக்க நாதியில்லாமதானே இருந்தேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் பிடிபட்டு இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அடுத்த ஆகஸ்டுல பாக்கலாம்," என்றாள் லஸ்மினி.

"ஆணையில முழுவதும்னு தெளிவா இருக்கே, இபு!" என்றார் டாக்டர்.

"கலைஞரோட கையை எவனும் தடுக்க முடியாதுன்னு மைக்குல சொன்னது நீங்கதானே?"

ஹர்ஜோனோ வீட்டுக்குப் போனார். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "மறுபடியுமா?" அந்தக் குரலைக் கேட்ட மகிழ்ச்சியில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சுதந்திர தினம் வந்தது. கொடி ஏறியது. கடையில் உட்கார இடமில்லை. சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு முகமும் நடுவில் ஒரு முகமும் தவிர. சிறப்பு விருந்தினராக வந்திருந்த டாக்டரும், வரவேற்புக் குழுத் தலைவர் ஹர்ஜோனோவும் முன்வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தார்கள். தேநீர் வேண்டாம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

தொலைக்காட்சியிலிருந்து வந்த பெண் தகட்டைப் படித்துவிட்டு லஸ்மினியிடம் மைக்கை நீட்டினாள்.

"உங்களுக்கு யாருமே எதுவும் கத்துக்கொடுக்கலையாமே, இபு! அப்ப இப்படியெல்லாம் வரையணும்னு உங்களைத் தூண்டினது யாரு?"

லஸ்மினி சோற்றுக் கரண்டியை உயர்த்திச் சுவரைக் காட்டினாள். பிறகு, தேசமே பார்க்கிறது, தகவல் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, கரண்டியைப் பந்தலின் பக்கம் திருப்பினாள்.

"அதோ, முன்வரிசையில உக்காந்து கை தட்டுறாங்களே, அந்த ரெண்டு பேரும்தாம்மா."