புயல் துரத்திய படகு

படகிலிருந்த ரேடியோ கர்ரென்று இருமியது. மருந்துக்கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் காதை ஒட்டவைத்துக் கொண்டார்.

"...எல்லாப் படகுகளும் கவனிக்கவும்... கர்ர்ர்... வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது... கர்ர்ர்... மிகவும் ஆபத்தானது. யாரும் அருகில் செல்ல வேண்டாம்..."

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"புயல்!" என்றார்.

படகுப் பாயின் நிழலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்த மனைவி, சிவப்புப் பேனாவோடு வானத்தைப் பார்த்தாள். துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது வானம்.

"எங்கங்க புயல்? ஒரு மேகத்தைக்கூடக் காணோமே."

"வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும். புத்தகத்துல போட்டிருக்கு."

அந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கி மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து கடையில் மாத்திரை எண்ணும்போதுகூட அவர் பக்கத்தில் கடலோடிகளின் கையேடு திறந்தே கிடக்கும். அவர் மனைவியோ தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் எண்ணூறு பிள்ளைகளும், வீட்டில் ஒரே ஒரு கணவரும் அவள் சொல்லுக்கு அடக்கம். இந்தப் படகு விஷயத்தில் மட்டும்தான் அவர் மீறியிருந்தார். "ஒரு நாள் கூட வந்து பார்க்கிறேன். பயமில்லாமத் திரும்பினா படகு இருக்கட்டும். இல்லேன்னா மறுநாளே கைமாத்திடணும்" என்று அவள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். இன்றுதான் அந்த நாள்.

ஆள்பலத்துக்காகத் தன் சகலையையும் கூட்டி வந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். மேலே ஏறுவது, கீழே இறங்குவது இரண்டும் தெரியும். பக்கவாட்டில் போவது அவனுக்குப் புதிது.

"கரைக்குப் பேசிக் கேளுங்களேன் அண்ணே" என்றான் சகலை.

"இதுல கேக்க மட்டும்தான் முடியும். பேசுற பொத்தான் உடைஞ்சு போச்சு. நாமளும் வடக்கேதானே போறோம்? அப்ப அது நமக்குப் பின்னாடி வருது. கிழக்கே ஒதுங்கிட்டா அது பாட்டுக்கு நேரா போயிடும்."

கிழக்கே திருப்பினார்கள். பத்து நிமிடம் கழித்து ரேடியோ மறுபடி இருமியது.

"...திடீரென்று கிழக்கே திரும்பியுள்ளது..."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள்.

"நாம திரும்பினது அதுக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?" சகலையின் குரல் கம்மியது.

மருந்துக்கடைக்காரர் கையேட்டைப் புரட்டினார். பதினோராவது அத்தியாயம், 'கடுங்காற்றுக்கு ஆயத்தம்.'

"லைஃப் ஜாக்கெட் போடுங்க. ஆடுற சாமானையெல்லாம் கட்டுங்க. பாயைப் பாதியாச் சுருக்கணும். அப்புறம், ஒவ்வொரு ஆளும் படகோட சேர்த்துத் தன்னைக் கட்டிக்கணும்."

பரபரவென்று வேலை நடந்தது. விடைத்தாள்கள் அரிசி டப்பாவுக்குள் போயின. டப்பா அடுப்போடு கட்டப்பட்டது. தலைமை ஆசிரியையைப் பாய்மரத்தோடு கட்டினார்கள். சகலை தன் இடுப்புக் கயிற்றைக் கைக்கெட்டிய கெட்டியான கட்டையில் நாலு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டான். அது படகைத் திருப்புகிற சுக்கான் பிடி.

அதன்பிறகு அவன் தண்ணீர் பாட்டிலுக்குக் குனிந்தால் படகு இடப்பக்கம் பாய்ந்தது. நிமிர்ந்தால் வலப்பக்கம் பாய்ந்தது.

"காத்து மாறி மாறி அடிக்குது பாருங்க!" என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர்.

"...இடமும் வலமுமாக அலைகிறது" என்றது ரேடியோ. "அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க முடியவில்லை..."

"அடப்பாவிப் புயலே!" என்றாள் தலைமை ஆசிரியை. இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவர் கேட்டதில்லை.

படகு ஆடிய ஆட்டத்தில் சகலைக்கு வயிற்றைப் புரட்டியது. இந்த ஒரு விஷயத்திலாவது மருந்துக்கடைக்காரருக்கு யாருடைய கையேடும் வேண்டியிருக்கவில்லை.

"குமட்டல் மாத்திரை. ஒண்ணு போடு. போட்டா வயிறு அசையவே அசையாது."

சகலை பயத்தில் மூன்று போட்டுக்கொண்டான். கால் மணி நேரத்தில் வயிறும் அசையவில்லை, அவனும் அசையவில்லை. சுக்கான் பிடிமேல் சாய்ந்து குறட்டை விட்டான். படகு வட்டமடிக்கத் தொடங்கியது.

"...இப்போது ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது..."

மருந்துக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெயில் அடித்தது. அலை சாதுவாக இருந்தது.

"புரிஞ்சு போச்சும்மா. நாம இப்ப புயலோட கண்ணுக்குள்ள இருக்கோம். அதான் இவ்வளவு அமைதி."

"வெளியே போக என்ன செய்யணும்?"

"வேகத்தைக் குறைக்கணும். புத்தகத்துல பின்னாடி பாரத்தைக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுது."

இரண்டு வாளி, நங்கூரம், ஒரு மெத்தை எல்லாவற்றையும் நீளக் கயிற்றில் கோத்துக் கடலில் தள்ளினார். பிறகு சகலையை அவிழ்த்து உள்ளறைக்கு இழுத்துப் போட்டார். கடைசியாகப் பாயை இறக்க அவசர அவசரமாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். சுருக்கி வைத்த பாய் முழுசாக விரிந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. மனைவியின் கட்டை அவிழ்த்து, ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே குதித்துக் கதவைத் தாழிட்டார்.

இருட்டில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். படகு எங்கோ பறந்தது. பின்னால் எதெதுவோ சிக்கி, அறுந்து, தடதடத்தது.

"...மிதவைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு கரையை நோக்கி வருகிறது. குளிப்பவர்கள் உடனே வெளியேறவும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும்..."

"ஐயோ, குழந்தைங்க!" என்றாள் அவள்.

"என்னை மன்னிச்சிடும்மா. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"சும்மா இருங்க. இவ்வளவு பெரிய ஆபத்துல ஒரு நிமிஷம்கூட நீங்க கையைக் கட்டிட்டு நிக்கலை. உங்களுக்கு இவ்வளவு தைரியம் இருக்கும்னு நான் நினைச்சதே இல்லை." அவள் குரல் உடைந்தது. "உயிரோட திரும்பினா, இந்தப் படகை நீங்களே வச்சுக்கோங்க."

அவர் திகைத்துப் போனார். புயலைவிட அது பெரிய அதிர்ச்சி.

அப்போது அடியில் ஏதோ கரகரவென்று உரசியது. ஒரு குலுக்கல். இன்னொரு குலுக்கல். எல்லாம் நின்றுவிட்டது. சகலை மட்டும் புரண்டு படுத்தான்.

"...கரையேறிவிட்டது" என்றது ரேடியோ, பெருமூச்சோடு. "உயிர்ச்சேதம் இல்லை. ஆபத்து நீங்கியது."

"கரையைக் கடந்துடுச்சு! பொழைச்சோம்!" அவர் மனைவியைக் கட்டிக்கொண்டார். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

கதவைத் திறந்து தலையை நீட்டியவர் அப்படியே உறைந்தார். படகு மணலில் ஏறி நின்றது. சுற்றிலும் கவிழ்ந்த நாற்காலிகள், கிழிந்த குடைகள், மெத்தையில் சுருண்ட மிதவைகள். தூரத்தில் நூறு பேர் ஈரத்துணியோடு வாயைப் பிளந்து நின்றார்கள்.

"அடக் கடவுளே, எவ்வளவு சேதம்!" என்று அவர் தலையில் கைவைத்துக் கொண்டார். "பாவம், என்ன பாடுபட்டாங்களோ இந்த ஜனங்க!"

கடற்கரைக் காவல்காரப் பெண் ஒருத்தி கையில் ரேடியோவோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏம்மா," என்று அவர் கவலையோடு கேட்டார், "புயல் எந்தப் பக்கம் போச்சு?"

அவள் அவரைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"புயலா? காலையிலேருந்து நாங்க எச்சரிக்கை குடுத்துட்டு இருந்தது உங்க படகைப் பத்தி சார்!"