புருஷனுக்குக் கிடைத்த பெண் விடுதலை

ராயபுரம்,
1952 ஆடி மாதம்

பத்திரிகையின் மாதர் பகுதி ஆசிரியை அம்மாள் சமூகத்துக்கு, மீன்காரி அடைக்கலமேரி எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அவ்வளவு கோபம்.

பெண் விடுதலைக்காகப் பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டியவை என்று போன மாதம் ஒரு நாவலையும் ஒரு கட்டுரைப் புத்தகத்தையும் சிபாரிசு செய்திருந்தீர்கள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஐந்தாவது படித்தவள் நான், படிக்கிற ஆசை இன்னும் விடவில்லை. வாசகசாலையில் இரண்டையும் வாங்கி வந்தேன். நாவலில் ஒரு சீமாட்டி மாடி ஜன்னலில் நின்று, வாசற்படியைத் தாண்ட மாட்டேனா என்று அத்தியாயம் அத்தியாயமாக அழுகிறாள். அம்மா, நான் விடிவதற்குள் வாசற்படியைத் தாண்டி, கடற்கரையில் மீனை ஏலம் எடுத்து, கொருக்குப்பேட்டைத் தெருவெல்லாம் கூடை சுமந்து கத்திவிட்டு, வந்து உலை வைக்க வேண்டும். அவள் வெளியே வரத் துடிக்கிறாள், நான் உள்ளே உட்காரத் துடிக்கிறேன். இருந்தாலும் அவளுக்காக நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

அதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கட்டுரைப் புத்தகத்தை நான் வாய்விட்டுப் படித்ததை என் வீட்டுக்காரர் ஹென்றி கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். பெண் சம்பாதிக்க வேண்டும், ஆணை நம்பி வாழக் கூடாது என்ற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னா மேரி, இம்மா நாளா இத்த ஏன் சொல்லல? நான் சம்பாரிச்சுக் குடுத்து உன்ன அடிமையா வச்சிகினு கீறேனே!” என்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. கேட்டால், “புக்குலயே போட்டுகீது” என்கிறார். நான் கூடையோடு வந்தால் அந்த ஆள் பாயில் படுத்து, நாவலைப் பிடித்துக்கொண்டு சீமாட்டிக்காக அழுதுகொண்டிருக்கிறார். “பாவம் மேரி, அவளுக்கு ஒரு வாய் சோறு எறங்கல” என்று மூக்கைச் சிந்திவிட்டு, “கொழம்பு ஆச்சா?” என்கிறார். பக்கத்து வீட்டுக் கட்டுமரக்காரர் பொன்னுரங்கமும் வந்து இவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, தன் பெண்சாதிக்கும் விடுதலை கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், உடம்பு ஓய்ந்து ஒரு பக்கம் படிக்கலாமென்று உட்கார்ந்தால் இரண்டு புத்தகமும் அவர் கையில். எனக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான். அதையும் பிடுங்கி அவருக்குக் கொடுத்துவிட்டீர்களே, இது நியாயமா? இனி இப்படிச் சிபாரிசே செய்யாதீர்கள். செய்தால், ஆண்கள் தொடக் கூடாது என்று அட்டையில் போடச் சொல்லுங்கள்.

உங்களையும், உங்கள் வீட்டில் அடுப்பு ஊதுகிறவள் யாரோ அவளையும் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அடைக்கலமேரி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன், அவர் பீடி வாங்கப் போன சமயம் பார்த்து, நிறுத்திய இடத்திலிருந்து கட்டுரையைப் படித்தேன். பெண் வெளியே உழைக்கும் வீட்டில் சோறாக்குவதும், துணி துவைப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் ஆணின் கடமை என்று அடுத்த அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறது. அவர் வந்ததும் உட்கார வைத்து நிதானமாகப் படித்துக் காட்டினேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதே மாதிரி இன்னும் நாலு புத்தகம் சிபாரிசு செய்யவும். “வூட்டு வேலையா? அதுக்கு மூட்டை தூக்கறதே தேவலாம்” என்று இரண்டு புத்தகத்தையும் என் மடியில் போட்டுவிட்டு ஹென்றி துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்.