பின்னங்கால் இல்லாத நாற்காலி

கம்பம்மெட்டு ஏலக்காய்க் கம்பெனியின் புது ஆபீசில் அப்போது இருந்தவர்கள்: மேனேஜராகப் போகிற சுருளிவேல், ஆசாரி ஜோபி, பெருக்க வந்த அழகுத்தாய், இத்தாலியிலிருந்து வந்திறங்கிய ஒரு நாற்காலி.

நாற்காலிக்குப் பின்னங்கால் இரண்டும் இல்லை.

முன்னால் இரண்டு இரும்புக் குழாய்கள் இறங்கின. தரையில் வளைந்து பின்னால் போய் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டன. மேலே பின்பக்கத்தைத் தாங்குவதற்கு வெறும் காற்றுதான்.

"பாதி வேலையில சாப்பிடப் போயிட்டாய்ங்களோ, அண்ணே?" என்றான் ஜோபி.

"வாய மூடுடா. லாரிக்காரன் வழியில தொலைச்சிருக்கான்."

சுருளிவேல் உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி மெல்ல ஆடியது. பதறி எழுந்தார். மத்தியானம் முதலாளி துபாய் வியாபாரியோடு வருகிறார். ஆபீஸ் ஒழுங்காக இருந்தால் சுருளிவேல் மேனேஜர். இல்லையென்றால் பழையபடி ஏலக்காய் உலர்த்தும் புகையறைதான்.

போன் அடித்தது.

"சேர் வந்துருச்சா, சுருளி?"

"வந்துருச்சு முதலாளி. பிரமாதம்!"

சொன்ன பிறகுதான் வியர்த்தது.

முதலில் ஏலக்காய் மூட்டையை முட்டுக் கொடுத்தார்கள். சுருளிவேல் உட்கார்ந்ததும் மூட்டை வெடித்துக் காய் அறையெங்கும் ஓடியது.

"இப்பத்தானய்யா கூட்டுனேன்! நீங்களே பொறுக்குங்க" என்று அழகுத்தாய் துடைப்பத்தோடு பின் ரூமுக்குப் போய்விட்டாள்.

"கால் வச்சிருவோம்டா."

ஜோபி இருக்கைக்கு அடியில் போகும் குழாயில் துளை போட்டுப் பலாக்கட்டையில் இரண்டு கால் முடுக்கினான். பின்பக்கம் தூக்கிக்கொண்டது. உட்கார்ந்த சுருளிவேல் வழுக்கி மேசைக்கு அடியில் போனார்.

"இத்தாலிக்காரன் இப்படித்தான் உக்காருவானாக்கும்."

"அறுடா, மூதேவி!"

இடது காலை அறுத்தான். சாய்ந்தது. வலதை அறுத்தான். மறுபக்கம் சாய்ந்தது. அறுக்க அறுக்க, கடைசியில் இரண்டு கால்களும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின. அடியில் செங்கல் சொருகினார்கள். செங்கல் தெரியாமலிருக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். அதில் பாதி சுருளிவேலின் வெள்ளைப் பேன்ட்டில் ஒட்டியது.

ஆனால் நாற்காலி பாறை மாதிரி நின்றது. அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

"யாரும் கேட்டா இத்தாலி மாடல்னு சொல்லிருவோம்" என்று மூச்சு விட்டார்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. முந்தானையில் கையைத் துடைத்தபடி அழகுத்தாய் வந்தாள்.

"அண்ணே, லாரிக்காரங்க பின் ரூம்ல எறக்குன பெட்டியெல்லாம் பிரிச்சு வச்சிட்டேன். அம்புட்டும் இதே சேருதான், ஒண்ணுக்குக்கூடப் பின்னங்கால் கெடையாது. ஜோபியப் போகச் சொல்லிராதீங்க."

சுருளிவேல் நேரே பின் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளே பூட்டிக்கொண்டார்.