தவராசாவைத் தெரிந்த மீன்

“அதுக்கு என்னைத் தெரியும்” என்று சொல்லித் திரிகிறவர்கள் ஒரு தனி இனம். நாய் வளர்க்கிறவர் சொன்னால் தலையாட்டலாம். கிளி வளர்க்கிறவர் சொன்னாலும் பொறுக்கலாம். மீன் வளர்க்கிறவர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

பூநகரியில் ஓட்டோ ஓடுகிற தவராசா இந்த இனத்தின் தலைவர். அவர் வளர்ப்பது தங்கமீன்கூட இல்லை. களப்புக் கரைச் சேற்றில் தத்தித் திரியுமே, தவளையாவதா மீனாவதா என்று முடிவெடுக்காமலே பிறந்துவிட்ட மாதிரி ஒன்று, அதுதான். கறிக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. அந்தச் சீவனுக்கு யூரியூப் பார்த்துக் கண்ணாடித் தொட்டி செய்து, பாதி சேறு, கொஞ்சம் உப்புத்தண்ணி, ஏறியிருக்க ஒரு கண்டல் வேர் எல்லாம் வைத்து, ராசன் என்று பேரும் வைத்து, வருகிறவர் போகிறவரைக் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணியும் குடுத்து, அது தன்னைப் பார்ப்பதைப் பார்க்கவைப்பார்.

“பாருங்கோ, என்னைத்தான் பாக்குது!”

அந்த மீனின் கண்ணிரண்டும் உச்சந்தலையில் தனித்தனியாய்ச் சுழலும். எந்த மூலையில் நின்றாலும் உங்களைத்தான் பார்க்கும். அலுமாரியையும் அப்படித்தான் பார்க்கும். இதைச் சொல்ல ஆருக்குத் துணிவு? பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரர் யாக்கோப்புக்கு இருந்தது.

“தம்பி, களப்பிலை இது ஆயிரம் நிக்குது. ஒண்டும் என்னட்டைச் சுகம் கேட்டதில்லை.”

“நீங்கள் பழகேல்லை அண்ணை.”

போன மாதம் தங்கச்சி வீட்டுக்குக் கூரை போட ஐந்து நாள் விசுவமடுவுக்குப் போனார் தவராசா. படலையில் நின்று மனிசி சிவரூபியிடம் “ராசன் கவனம்” என்று மூன்று தரம் சொன்னார். அவளுடைய பிரஷர் குளிசையைப் பற்றி ஒரு தரமும் கேட்கவில்லை.

சிவரூபி இரக்கமான மனிசி. மீனுக்கு இவ்வளவு தண்ணி காணுமா என்று கிணற்றில் அள்ளித் தொட்டியை விளிம்புமட்டும் நிரப்பிவிட்டாள். மீனுக்குத் தண்ணி விடுவது குற்றமா? சேற்றில் ஏறிக் காற்றுக் குடிக்கிற இந்த மீனுக்குக் குற்றம்தான். விடியப் பார்த்தால் ராசன் மல்லாந்து மிதந்தான்.

“யாக்கோப்பு அண்ணை, அவர் உடைஞ்சுபோவார்” என்று வேலிக்கு மேலால் அழுதாள்.

அதைப்போல இன்னொன்று பிடிக்க யாக்கோப்பு இரண்டு மணித்தியாலம் களப்புச் சேற்றில் விழுந்தெழும்பினார். சின்னதுகள் எல்லாம் தத்தி ஓடிவிட்டன. பிடிபட்டது ஒன்றே ஒன்று. ராசனைப்போல இரண்டு மடங்கு! தண்ணியை இறைத்துவிட்டு அதையே தொட்டியில் விட்டார்கள்.

தவராசா வந்தார். பையை இறக்காமலே தொட்டிக்கு முன் குந்தினார். யாக்கோப்பு வேலியைத் திருத்துவதுபோல நின்றார்.

“என்னப்பா, இப்பிடி வீங்கியிருக்கு?”

சிவரூபி முந்தானையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள்.

“ஏக்கம்,” என்றார் தவராசா. “என்னைக் காணேல்லை எண்டு யோசிச்சு யோசிச்சு வீங்கியிருக்கு. கண்டவுடனை முகம் மாறினதைப் பாத்தனியே?”

“ஓம்,” என்றாள் சிவரூபி. “நீங்கள் போனதிலையிருந்து வாசலையே பாத்துக்கொண்டிருந்தது.”

யாக்கோப்பு தலையைச் சொறிந்தார். “உண்மைதான் தம்பி. என்னை அது திரும்பியும் பாக்கேல்லை.”

சிரிக்கிறீர்களோ? சிரியுங்கோ. நீங்கள் கொழும்புக்குப் போய்வந்த அன்று உங்கள் வீட்டுப் பூனையும் ஓடிவந்து காலில் உரசியிருக்கும். அதன் வாலில் இருந்த வெள்ளைப் புள்ளி முந்தி எந்தப் பக்கம் இருந்தது? சரி, எழும்பிப் போய்ப் பார்க்காதேங்கோ. உங்கள்மேல் பட்சமான ஆரோ வீட்டில் இருக்கினம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கோ.