வெண்கலத்தில் எட்டாவது பெயர்

பலகையில் எட்டுப் பெயர்கள் இருந்தன. இருக்க வேண்டியவை ஏழுதான்.

பல்கலைக்கழக அலுவலக ஊழியர் ரோண்டா ஸ்வைட்சர் மூன்றாம் முறையாக எண்ணிப் பார்த்தாள். 'ஹார்லன் பல்கலைக்கழகம் தந்த தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, ஆளுயர வெண்கலத்தில், கடைசிப் பெயர்: 'வெண்டெல் ஸ்டக்கி, 1976.'

அப்படியொரு ஆட்டக்காரரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த இண்டியானாவில் பிறந்து வளர்ந்தவள் கேள்விப்படாத ஆட்டக்காரர் என்று ஒருவர் இருக்கவே முடியாது.

பலகையைச் செய்து கொடுத்த வார்ப்புக் கடைக்குப் போன் போட்டாள்.

"எங்ககிட்ட இருக்கிற பட்டியல்ல எட்டுதான் மேடம்," என்றார் கடைக்காரர்.

"மாத்தித் தர முடியுமா?"

"தாராளமா. ஆறு வாரம் ஆகும்."

புதிய விளையாட்டரங்கின் திறப்பு விழா சனிக்கிழமை. அன்று வியாழன்.

பழைய மாணவர் பதிவேட்டைப் புரட்டினாள். ஸ்டக்கி ஹார்லனில் வேதியியல் படித்தவர். பல்கலைக்கழக அணியில் ஒருநாள்கூட ஆடியதில்லை. விளையாட்டரங்குக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பலகைக்கான பட்டியலைத் தட்டச்சு செய்த அதே வாரத்தில் அதையும் அவள்தான் தட்டச்சு செய்திருந்தாள். இரண்டு பட்டியலையும் கலந்தடித்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மே மாதம் பட்டமளிப்பு அழைப்பிதழில் பல்கலைக்கழகத் தலைவர் ஃபிட்சின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தாள். "இன்னொரு தப்பு நடந்தா உங்களுக்குப் பதிலா வேற ஆள் பார்க்க வேண்டியதுதான்," என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

கீழ்த்தளத்திலிருந்து ஒரு பெரிய செடித் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டாவது பெயரை மறைத்தாள். நான்கு மணிக்கு ஃபிட்ச் வந்தார். அவரே குனிந்து தொட்டியை நகர்த்தினார்.

"வழியில எதுக்கு இந்தக் காடு? ஆமா, யாரிது ஸ்டக்கி?"

பதிவேட்டில் காலையில் பார்த்த ஸ்டக்கியின் பழைய முகவரி ரோண்டாவின் வாயில் வந்து நின்றது. லியேஜ், பெல்ஜியம்.

"பெல்ஜியத்துல ஆடினவர் சார்."

"நம்ம ஆளு ஐரோப்பாவுலயா! இதை ஏன் இத்தனை நாள் சொல்லல? சனிக்கிழமை அவரையே பேச வைங்க."

"அவருக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்வி சார்."

"அடடா. அப்ப நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரேன்."

"இல்ல இல்ல, இப்பத் தேவலையாம்!"

"நல்லதாப் போச்சு. அவர் ஆடின போட்டோ ஒண்ணு பெருசாப் போட்டு மாட்டிடுங்க."

"எல்லாம் தீ விபத்துல எரிஞ்சு போச்சாம் சார்."

ஃபிட்ச் கண் கலங்கினார். "இவ்வளவு கஷ்டப்பட்ட மனுஷனா? அப்ப முதல் பேச்சே அவரோடதுதான்."

ரோண்டா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டக்கிக்குப் போன் செய்தாள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கணப்பு உலைகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்து ஊர்க்காரர்.

"மிஸ்டர் ஸ்டக்கி, ஒரு உதவி. நீங்க பெல்ஜியத்துல பாஸ்கெட்பால் ஆடினதா மேடையில ரெண்டு நிமிஷம் பேசணும்."

மறுமுனையில் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இதை யாரு உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானா அளந்தது. இல்லேன்னா என் வேலை போயிடும்."

"நான் அப்படிப் பேசினா வேலை நிலைக்குமா?"

"நிலைக்கும்."

"ரெண்டு நிமிஷம் போதுமா?" என்றார் ஸ்டக்கி.

சனிக்கிழமை ஸ்டக்கி ஒரு பழைய பழுப்புக் கோட்டோடு வந்து இறங்கினார். மனிதர் ரோண்டாவின் தோளுக்குத்தான் வந்தார். ஃபிட்ச் கை நீட்டிக்கொண்டு அவர் தலைக்கு மேலே தேடினார்.

"ஸ்டக்கி எங்கே?"

"கீழே பாருங்க சார்," என்றாள் ரோண்டா.

முன்வரிசையில் பலகையில் பெயர் உள்ள நிஜமான ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறடி பத்தங்குல லெவாண்டர் பூன் இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டு மேடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டக்கி ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"லியேஜ்ல அரங்கம் பயங்கரக் குளிரு. ஆட்டத்துல இறங்காம பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது ஸ்வெட்டர் போட்டுக்குவோம். ஆட உள்ளே கூப்பிட்டா கழட்டவே மனசு வராது. ஜெயிச்சா உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தருவாங்க. தோத்தாலும் அதேதான், உப்பு மட்டும் இருக்காது."

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. உலை பழுது பார்த்தவருக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வருகிறதே என்று ரோண்டாவே அசந்துபோனாள்.

அப்போது பூன் எழுந்தார். மேடைப் பக்கம் போகாமல் நேரே அவளை நோக்கி வந்தார். அவர் நிழல் விழுந்ததுமே அவள் உளறிக் கொட்டினாள்.

"சார், மன்னிச்சிடுங்க. அந்தப் பேரு தப்பா விழுந்துடுச்சு. தப்பு என்னோடதுதான்."

பூன் குனிந்து அவள் காதருகே வந்தார்.

"என்னம்மா தப்பு? பெல்ஜியத்துல அந்தக் குட்டையன் ஒரே ஆட்டத்துல என் தலைக்கு மேல இருபத்தேழு பாயிண்ட் போட்டான். வார்ப்புக் கடைக்குப் போன் பண்ணி அவன் பேரைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்."